முள் பிளஸ் பக்கம் சாய்ந்தது

நைனா டார்ச் லைட்டை என் கையில் திணித்து, "ஆடாம புடி" என்றார். அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான். நான் பி.எஸ்ஸி. பௌதிகம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பட்டப்பகலில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புல்லட்டின் ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த ஓட்டைக்குள் நைனாவின் இரண்டு விரல்களும் தம்பி வேம்புலியின் மூக்கும் இருந்தன. உள்ளே இருந்த பழைய ஒயர்கள் துணி சுற்றியவை. தொட்டால் உதிர்ந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுப் புது ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார் நைனா.

"அந்த பிரௌன் ஒயரு எங்க போவுது நைனா?"

"போற எடத்துக்குப் போவுது. நீ லைட்ட புடி."

"இல்ல, மீட்டருக்குப் போவுதா, ஸ்விச்சுக்குப் போவுதான்னு..."

"யக்கா, கை ஆடுது பாரு" என்றான் வேம்புலி.

டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்தேன்.

புதன்கிழமை காலையில் நான் பெங்களூரில் இருக்க வேண்டும். மின்சார மீட்டர், தராசு மாதிரிக் கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் சர்க்கார் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலைக்கு இன்டர்வியூ. அடுத்த மாதம் எனக்கு இருபத்தைந்து வயது முடிகிறது. முடிந்துவிட்டால் அந்த வேலைக்கு மனுப் போடக்கூடத் தகுதி கிடையாது. டிகிரி வாங்கிய பிறகு வந்த முதல் அழைப்பு இது. கடைசியும் இதுதான். தவறவிட்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவதொரு ஷெட்டில் பல்ப் ஹோல்டருக்கு ஸ்குரூ முடுக்கப் போகலாம். அதற்கு எட்டாவது போதும். என்னோடு எட்டாவது படித்த சுசீலா அங்கே சேர்ந்து பத்து வருஷம் ஆகப்போகிறது.

ரயில் இல்லை. நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். கொரட்டூர் ஸ்டேஷனை ஒட்டின தெரு எங்களுடையது. அரக்கோணம் பாசஞ்சர் போனால்தான் அம்மா உலை வைப்பாள். அந்த மே மாதம் தண்டவாளத்தில் ஆடு படுத்திருந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் தெருவிலேயே தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன் வீடுகள் இரண்டு உண்டு. போலீசுக்குப் பயந்து அந்த ஆண்கள் ஏரிக்கரையில் படுத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் தபாலும் ரயிலில்தானே வரும்? முன்பே வந்திருக்க வேண்டிய இன்டர்வியூ கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க பாரிஸ் கார்னர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஆண்கள் ஜன்னல் வழியாக ஏறினார்கள். சேலை கட்டிக்கொண்டு ஜன்னலில் ஏறுவது எப்படி என்று எந்தக் காலேஜிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பஸ்ஸின் படியில் கால் வைத்தேன். கூட்டம் என்னைப் பிடித்துக் கீழே தள்ளியது. செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. என் இடது செருப்பு மட்டும் பெங்களூர் போனது.

அன்று ராத்திரி வேம்புலி சொன்னான்: "அப்பாவு வண்டிய கேட்டுப் பாக்கறேன்."

அப்பாவு அவனோடு சைக்கிள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். முத்தாபுதுப்பேட்டைக்காரன். மிலிட்டரி பழைய சாமான் ஏலத்தில் அந்தப் புல்லட்டை எடுத்திருந்தான். வண்டி ஓடும். ஆனால் விளக்கு எரியாது, ஹாரன் கிடையாது, பேட்டரி வைக்கும் பெட்டி காலி. அது பேட்டரி இல்லாமலே ஓடுகிற பழைய மாடல். இஞ்சினுக்கு வேண்டிய பொறியை மேக்னெட்டோ தானே போட்டுக்கொள்ளும். விளக்குக்கும் ஹாரனுக்கும்தான் பேட்டரி. அந்தப் பேட்டரியை நிரப்ப ஒரு டைனமோ.

"வண்டிய எட்த்துக்கோ மச்சான்" என்றானாம் அப்பாவு. "ஆனா லைட்டு, ஹாரனு அல்லாம் போட்டுத்தான் பெங்களூர் ரோட்ல ஏத்தணும். லாரிக்காரன் இருட்டுல பாக்கமாட்டான், மேல ஏத்திட்டுப் போய்கினே இருப்பான். அப்பறம் வண்டிக்கு நான் எங்க போவேன்?"

வண்டிமேல் உட்காரப்போகிற எங்களைப் பற்றி அவன் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

நைனாவுக்கு இது பெரிய மரியாதையாகப் போயிற்று. அவர் பெயர் சின்னப்பையன். தலை முழுக்க நரை. ஒரு காலத்தில் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். இப்போது ஆவடி பேக்டரியில் பிட்டருக்குக் கையாள். எலக்ட்ரீஷியன் இல்லை. எலக்ட்ரீஷியன்களுக்குப் பக்கத்திலேயே பல வருஷம் நின்றவர். அங்கே உருவாகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு மந்திரம் படிந்திருந்தது: "பாடின்னா மைனஸ்."

மந்திரத்துக்கு அர்த்தம் இதுதான். வண்டியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஒயர்தான் போகும். திரும்பி வருகிற வழி வண்டியின் இரும்பே. அதனால் பேட்டரியின் ஒரு முனையை இரும்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எந்த முனையை என்று கேட்டால் நைனா சிரிப்பார். "இத்தக்கூட காலேஜ்ல சொல்லித் தர்லியா?"

என்னை அவர் ஒரு ஸ்குரூ தொடவிடவில்லை. காலேஜ் லேபில் நான் கட்டிய சர்க்யூட்டுகளை எண்ணினால் இந்தத் தெருவுக்கே லைட் போடலாம். "ஷாக் அடிக்கும், தள்ளு" என்றார். ஆறு வோல்ட். எறும்பைக்கூட அடிக்காது. சொன்னால் கேட்டால்தானே?

செவ்வாய்க்கிழமை மதியம் வேம்புலி குமணன்சாவடியிலிருந்து பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தான். சுலைமான் பாய் கடையில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரி. வண்டிக்கு முன்னாடி வைக்க ஒரு ஸ்பாட் லைட்டும் அங்கேயே வாங்கி வந்தான். அப்பாவுவும் அவனோடு வந்து சேர்ந்தான். ஸ்பாட் லைட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான், ஏதோ தன் கல்யாணத்துக்கு வந்த மாலை மாதிரி.

"எத்தினி மணிக்குப் பொறப்படணும்?" என்று கேட்டாள் அம்மா.

"ஆனவுடனே" என்றேன்.

"மூணுக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி வண்டி நகர்ந்துடணும். இல்லாங்காட்டி நாலரைக்கு மேலதான்."

நாலரைக்கு மேல் கிளம்பினால் விடியும்வரை ரோட்டில்தான். சேலை மாற்றக்கூட நேரமிருக்காது. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. எதிர்வீட்டுப் பொன்னியம்மாவின் ரேடியோதான் மணி சொல்லும். அது பாடுவது நின்றபோதெல்லாம் மணி சொல்கிறார்களா என்று காதைத் தீட்டினேன்.

நைனா பேட்டரியைப் பெட்டிக்குள் இறக்கினார். நான் டார்ச் அடித்தேன். வண்டியின் இரும்பிலிருந்து சின்னதாக ஒரு செம்புப் பின்னல் பட்டை வந்தது. அதன் நுனியில், பேட்டரியின் தலையில் நீட்டியிருக்கிற ஈயக் கட்டையில் மாட்டுகிற வளையம். பட்டை மைனஸ் கட்டைக்கு எட்டவில்லை. "ஒரு விரக்கட கொறையுது" என்று ஒரு துண்டு ஒயர் சேர்த்து நீட்டினார். எட்டியது. ஆனால் வளையம் கட்டையில் நிற்காமல் சுற்றியது.

"தொளதொளன்னு கீதுடா. ஒரு தகரம் கொண்டா."

காலி பவுடர் டப்பாவை வெட்டி, துண்டுத் தகரத்தைக் கட்டையைச் சுற்றி வைத்து வளையத்தை இறுக்கினார். விளக்குகளுக்காக உள்ளே போகிற ஒயரின் வளையம் பிளஸ் கட்டையில் நுழையவே மாட்டேன் என்றது. ஸ்குரூ டிரைவரை விட்டு அதை அகட்டி, சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார். இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. என் டார்ச் வெளிச்சத்தில் நடந்தது. நான் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"போடுடா ஸ்விச்ச!"

ஹெட்லைட் எரிந்தது. பின்னால் சிவப்பு எரிந்தது. ஸ்பாட் லைட் அடுத்த வீட்டுச் சுவரில் வட்டமாக விழுந்தது. வேம்புலி ஹாரனை அழுத்தினான். தெருநாய் எழுந்து ஓடியது. ஹெட்லைட்டுக்கு மேலே, கூட்டில் பதித்திருந்த சின்ன மீட்டரின் முள் நடுவிலிருந்து நகர்ந்து பிளஸ் பக்கம் சாய்ந்தது.

"சார்ஜு! சார்ஜு ஏறுது நைனா!" வேம்புலி குதித்தான்.

"பாத்தியா? பாடின்னா மைனஸ்" என்றார் நைனா. லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாமே, ஏலத்துல எட்த்தது வீண் போவல" என்றான் அப்பாவு.

நானும் சிரித்தேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அம்மா கற்பூரம் ஏற்றினாள். வண்டிக்கு மூன்று குங்குமப் பொட்டு. ஹாரன்மேல் ஒரு பொட்டு. தேங்காய் உடைத்தாள். இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். இனி வண்டி பழத்தை நசுக்கி முன்னால் நகர வேண்டும். நகர்ந்த பிறகு பின்னால் இழுக்கக் கூடாது, யாரும் கை வைத்துப் பிரிக்கக் கூடாது.

"தாச்சி, சீக்கிரம் துணிய மாத்து!" என்று அம்மா என்னை விரட்டினாள்.

நான் உள்ளே போனேன். வேம்புலியின் பேண்ட்டைப் போட்டுக்கொள்வது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். ஒருக்களித்து உட்கார்ந்து பெங்களூர் போனால் என் இடுப்பு என்னோடு வராது. பொன்னியம்மா காலையிலேயே அம்மாவிடம் கேட்டுவிட்டாள்: "இன்னா முனியம்மா, ஒம் பொண்ணு மிலிட்டரில சேர்ந்துட்டாளா?" கேட்கட்டும். ஆண்பிள்ளை மாதிரி ஜன்னலில் ஏறியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

வெளியே "தள்ளு தள்ளு" என்று சத்தம் கேட்டது. பழம் நசுங்கியிருக்கும். பேண்ட்டின் இடுப்புப் பட்டனைத் துளையில் நுழைத்துக்கொண்டிருந்தேன். அது நுழையவில்லை. முள் பிளஸ் பக்கம் சாய்ந்தது என் கண்ணிலேயே நின்றது. சார்ஜ் ஏறுகிறது. எங்கிருந்து ஏறுகிறது?

இஞ்சின் ஓடவே இல்லையே.

பட்டனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வேம்புலி வண்டிமேல் ஏறி நின்று, கிக்கர்மேல் வலது காலை வைத்து உடம்பைத் தூக்கியிருந்தான்.

"கால எடுடா!"

"இன்னாக்கா?"

"கிக்கர் மேலேருந்து கால எடு! ஒதைக்காத!"

நான் அவன் தொடையைப் பிடித்து இழுத்தேன். அவன் தடுமாறி இறங்கினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, பேண்ட்டோட தெருவுல வந்து நிக்கறாளே!"

"முள்ளு எந்தப் பக்கம் போச்சு நைனா?"

"பிளஸ்ல. கண்ணு தெர்லியா?"

"இஞ்சின் ஓடிச்சா?"

வேம்புலி கிக்கரைப் பார்த்தான்.

"இஞ்சின் ஓடினாத்தான் டைனமோ சுத்தும். அது சுத்தினாத்தான் பேட்டரிக்கு ஏறும். வண்டி சும்மா நிக்குது. மூணு லைட்டு எரியுது, ஹாரன் கத்துது. அல்லாம் பேட்டரிலேருந்து எறங்குது. எறங்கும்போது மீட்டரு ஏறுதுன்னு எப்டிக் காட்டும்?"

"மிலிட்டரி மீட்டரும்மா அது" என்றான் அப்பாவு. "அப்டித்தான் காட்டும்."

"மிலிட்டரிக்காரனுக்கு மட்டும் கரண்டு வேற பக்கம் ஓடுமா?"

வேம்புலி தலையைச் சொறிந்தான். "யக்கா, மீட்டரு பின்னாடி ரெண்டு ஒயரு கீதுல்ல? அத்த நாம மாத்திப் போட்டிருப்போம். முள்ளு தலகீழா காட்டும். அவ்ளோதான். அதனால ஒண்ணும் கெட்டுப் பூடாது. வழில பாத்துக்கலாம், வா."

அதுதான் சிக்கல். அவன் சொன்னது சரியாக இருக்கலாம். மீட்டர் ஒயர் மட்டும் மாறியிருந்தால் ஒன்றுமில்லை. முள் பொய் சொல்லும், வண்டி ஓடும். ஆனால் மாறியது பேட்டரி என்றால்? இந்த வண்டியைச் செய்தவன் பாடியில் பிளஸ்ஸை வைத்திருந்தான் என்றால்? உதைத்ததும் டைனமோ தன் பழைய பக்கமாகவே தள்ளும். தலைகீழாக நிற்கிற பேட்டரியும் அதோடு சேர்ந்துகொள்ளும். இரண்டும் ஒரே வட்டத்தில் ஓட, நடுவில் தடுக்க ஒன்றும் இருக்காது. ஒயர் பழுக்கும். டைனமோ கருகும். பூந்தமல்லி தாண்டுவதற்குள் விளக்கும் இல்லை, ஹாரனும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை.

இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல எனக்கு வராது.

"ரெண்டுல ஒண்ணு நைனா. ஒண்ணுன்னா பரவால்ல. இன்னொண்ணுன்னா எல்லாம் எரிஞ்சிடும்."

"அப்ப நான் போட்டது தப்புன்ற."

"தப்பா இருக்கலாம்னு சொல்றேன்."

"இருக்கலாமா?" நைனா தெருவைப் பார்த்தார். பொன்னியம்மா அவள் வாசலில் நின்றிருந்தாள். கேங்மேன் வீட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். "இத்தினி வருசம் பேக்டரில பாக்கறேன். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி காட்டு பாடில பிளஸ் வெச்சது. நீ பொஸ்தகத்துல படிச்சிட்டு வந்து..."

"பொஸ்தகத்துல எதுவும் இல்ல நைனா. எந்தப் பக்கம் வேணும்னாலும் வெக்கலாம்னுதான் போட்டிருக்கான்."

"ஒதச்சிப் பாத்துட்டா தெரிஞ்சிடப்போவுது" என்றான் அப்பாவு.

"தெரியும். பொக வந்தா தெரியும். ஒன் வண்டிதானே, ஒத."

அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"பழம் நசுக்கின வண்டிய மறுபடி பிரிக்கறதா? ஆவவே ஆவாது" என்றாள் அம்மா. "பொன்னியம்மா, மணி இன்னா?"

"மூணு ஆவப்போவுது!"

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் முடிந்தது கதை. பொம்பளை அழுகிறாள், வண்டியை உதை என்று விடுவார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். டார்ச் அடித்தேன். இந்தத் தடவை யாரும் சொல்லாமல் அடித்தேன். பவுடர் டப்பாத் தகரம் மின்னியது. அதில் பாதிப் பூப்படம்கூடத் தெரிந்தது.

"நைனா. இந்தத் தகரம் எதுக்குப் போட்ட?"

"வளையம் லூசா இருந்திச்சி."

"இந்தக் கட்டைக்கு லூசு. அந்தக் கட்டைக்கு?"

நைனா குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தார். அந்தக் கட்டைக்கு மற்ற வளையம் நுழையாமல், அவரேதான் அகட்டினார். எந்தப் பேட்டரியிலும் பிளஸ் கட்டை பருமன், மைனஸ் கட்டை ஒல்லி. இது அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரியும். இரும்பிலிருந்து வருகிற பட்டையின் வளையம் பெரிசு. உள்ளே போகிற ஒயரின் வளையம் சிறிசு. பட்டை பிளஸ்ஸுக்கென்றே செய்தது.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். லுங்கி தரையில் புரண்டது. வளையத்தின் உள்பக்கத்தை விரல்விட்டுத் தடவினார். தகரத்தை உருவி எறிந்தார். தான் சேர்த்த துண்டு ஒயரைப் பிடுங்கினார். பேட்டரியைத் தூக்கி, திருப்பி, மறுபடி பெட்டிக்குள் இறக்கினார். செம்புப் பட்டை நீட்டாமலே பிளஸ் கட்டைக்கு எட்டியது. வளையம் அதன்மேல் உட்கார்ந்தது. ஒரு தட்டு தட்டினார். அசையவில்லை.

"எவன்டா இவன்?" என்றார் நைனா. "பாடில பிளஸ் வெச்சவன்?"

"வெள்ளக்காரன் நைனா" என்றான் வேம்புலி.

"அதான் போய்ட்டான்."

கேங்மேன் பெண்டாட்டி ஒருத்தி சிரித்துவிட்டாள். நைனா சிரிக்கவில்லை. அகட்டிய வளையத்தை பிளையரால் நெரித்து மைனஸ் கட்டையில் இறுக்கச் சொல்லி, பிளையரை நீட்டினார். வேம்புலியிடம்தான் நீட்டினார். நான் நடுவில் வாங்கிக்கொண்டேன். டார்ச்சை வேம்புலி பிடித்தான்.

இறுக்கும்போதும் பயம் போகவில்லை. வளையத்தை மட்டும் நம்பி இதைச் செய்கிறேன். யாரோ ஒருத்தன் எப்போதோ வளையத்தையும் மாற்றியிருந்தால்? இன்னும் ஒரு தடவை நெரித்தேன்.

இதற்கிடையில் அம்மாவைக் காணோம். நிமிர்ந்து பார்த்தால் என் பையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். துணி, சர்டிபிகேட், புளிச்சோறு எல்லாம் இருந்த பை. திரும்பி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மூட்ட நம்ம ஊட்ட வுட்டுப் பூட்ச்சி. மூணுக்கு முன்னாடியே பூட்ச்சி. இனிமே எப்ப வேணா போங்க. பொறப்பட்ட கணக்குத்தான்."

"ராகுவ ஏமாத்தறியா யம்மா?"

"ஒங்க நைனாவையே ஏமாத்திக்கினு இத்தினி வருசம் குடும்பம் பண்றேன். ராகு எம்மாத்திரம்?"

விளக்கைப் போட்டோம். முள் நடுவிலிருந்து மைனஸ் பக்கம் போயிற்று. அப்பாவு தலையில் கை வைத்தான். "நல்லா இருந்தத கெட்த்துட்டாங்களே!"

"இப்பத்தான் நெசம் சொல்லுது" என்றேன். "இப்ப ஒத."

வேம்புலி உதைத்தான். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தான். வண்டி இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. நான் மீட்டரை விட்டுக் கண் எடுக்கவில்லை. மூக்கு புகையைத் தேடியது. முள் மைனஸிலேயே நின்றது. முறுக்கச் சொன்னேன். இன்னும் முறுக்கச் சொன்னேன். முள் ஒரு துடி துடித்தது. மெதுவாக எழுந்து நடுவைத் தாண்டி, பிளஸ் பக்கம் எட்டிப் பார்த்தது.

நைனா குனிந்து அதைப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு, "எம் பிளையர் எங்க?" என்றார்.

"எம் பாக்கெட்ல."

"நாளைக்கி ஷிப்டுக்கு வோணும்."

"தரமாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். இடுப்பில் பட்டன் போடாத பேண்ட், முகம் முழுக்க கிரீஸ். "போ" என்றார். "வழில எங்கியும் எறங்கி எவனான்டியும் பேசிக்கினு நிக்காத."

பொன்னியம்மா பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிளையரையும் டார்ச்சையும் அதில் போட்டேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். "இறுக்கிப் புட்ச்சிக்கோடி" என்று மட்டும் சொன்னாள்.

பாடி என்கிற ஊரைச் சுற்றிப் போய் பூந்தமல்லி ரோட்டைப் பிடித்தோம். குமணன்சாவடியில் லாரிகளுக்கு நடுவில் நுழைந்து வெளியே வந்தபோது ஹாரன் கத்தியது. அது கத்துகிற ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொஞ்சம் இறங்கியது என்று கணக்கு வைத்தேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி வெயில் முகத்தில் அடித்தது. ஒரு பஸ்ஸின் ஜன்னல் முழுக்கத் தலைகள் திரும்பி என் பேண்ட்டைப் பார்த்தன. பார்க்கட்டும். பையை நெஞ்சுக்கும் வேம்புலி முதுகுக்கும் நடுவில் வைத்திருந்தேன். பிளையர் சர்டிபிகேட்டுகளைத் தாண்டி என் விலாவில் குத்தியது.

வாலாஜாவுக்கு முன்னாலேயே வெளிச்சம் மங்கியது. எதிரே வந்த லாரி விளக்கு போட்டிருந்தது.

"போட்டா யக்கா?"

"போடு."

ஹெட்லைட் ரோட்டில் மஞ்சளாக விழுந்தது. வேம்புலி அதோடு விட்டால்தானே, ஸ்பாட் லைட்டையும் போட்டான். நான் அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். முள் நடுவுக்கு இந்தப் பக்கம் இறங்கி, மைனஸில் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு வேகமாகப் போயும் எழவில்லை.

"ஸ்பாட்ட அணைடா."

"அதான் நல்லா தெரியுது. அப்பாவு ஆசையா வெச்சது."

"டைனமோ ரெண்டுக்கும் சோறு போடாது. இப்டியே போனா வாணியம்பாடில பேட்டரி காலி. அணை."

அணைத்தான். ரோடு பாதியாகக் குறுகியது. புளியமரங்கள் திடீர் திடீரென்று பக்கத்தில் வந்து போயின. மாட்டு வண்டி ஒன்றை மயிரிழையில் ஒடித்துத் தாண்டினான். மீட்டர் இருந்த இடத்தில் இருட்டுதான் இருந்தது. பையைத் துழாவி டார்ச்சை எடுத்தேன். ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவன் தோள்மேல் ஊன்றி, மீட்டர்மேல் வெளிச்சம் அடித்தேன்.

"எங்க நிக்குது?" என்று காற்றோடு கத்தினான்.

"நடுவுல."

"அது நல்லதா?"

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. இப்டியே இருந்தா போய்டலாம்."

"இப்டியே இருக்குமா?"

எதிரே இரண்டு லாரிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. அவன் ஹாரனை அழுத்தினான். முள் சரிந்தது. அழுத்தியதை விட்டான். முள் திரும்பி எழுந்து நடுவுக்கு வந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்க, டார்ச் ஆடி, வெளிச்சம் மீட்டர் கண்ணாடியில் பட்டு அவன் கண்ணில் அடித்தது.

"யக்கா, ஆடாம புடி" என்றான்.

ஆடாமல் பிடித்தேன். வேலூர் போர்டு வந்து பின்னால் போயிற்று. முள் நடுவில் நின்றது. அதை நம்பாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.